டவருக்குத் தெரியும்

தென்காசி மாவட்டம் கடையத்தில் ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செல்போன் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதே நிமிடம் அவருடைய எண்ணைக் காட்டிக்கொண்டு கம்போடியாவிலிருந்து கிளம்பிய அழைப்பு ஒன்று, கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் போனில் மணியடிக்கிறது. திரையில் தெரிவது +91 என்று தொடங்கும் சாதாரண எண். எடுத்தால், "மும்பை போலீஸ்ல இருந்து பேசுறோம்மா, உங்க பேர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு" என்கிறது குரல். டீக்கடையில் இருப்பவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணத்தைப் பறிகொடுத்த யாராவது அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டுத் திட்டும்போதுதான் அவருக்கு விஷயமே தெரியவரும்.

அழைப்பவரின் எண் என்று நாம் திரையில் பார்ப்பது, அழைப்போடு சேர்ந்து வரும் ஒரு குறிப்பு மட்டுமே. அழைப்பு கிளம்பும் இடத்தில் உள்ள எக்ஸ்சேஞ்ச் அதை எழுதி அனுப்பும். வாங்கும் எக்ஸ்சேஞ்ச் அதை அப்படியே நம்பி அடுத்த கைக்குத் தள்ளிவிடும். ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இருந்த காலத்து ஏற்பாடு இது. அன்றைக்கு அந்த நம்பிக்கைக்கு நியாயம் இருந்தது. இன்று இணையம் வழியாக அழைப்பை ஏற்றிவிடத் தெரிந்தவர், அந்தக் குறிப்பில் யாருடைய எண்ணையும் எழுதிவிடலாம்.

இந்தப் பொய்யைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும். அந்த எண்ணுக்குரிய செல்போன் இப்போது உண்மையிலேயே வெளிநாட்டில் இருக்கிறதா? கடையம் டவரில் பதிவாகி இருக்கிற போன், அதே நேரத்தில் கம்போடியாவிலிருந்து அழைக்க வழியில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு அழைப்பை விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் அமைப்பை, 2024 அக்டோபர் 22 அன்று மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா தொடங்கிவைத்தார். இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் போலி என்று தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அப்படி வந்தவற்றில் அது 90 சதவீதம். பத்தில் ஒன்பது அழைப்பு பொய் எண்ணைச் சுமந்துகொண்டுதான் நம் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த மீதி ஒரு பங்கும் முக்கியம். வளைகுடா நாடுகளுக்குப் போய்வருகிறவர்கள் தென்காசி மாவட்டத்தில் ஏராளம். துபாயில் இறங்கியதும் ஊர் சிம்மிலிருந்தே "நல்லபடியா வந்துட்டேன்" என்று சொல்ல அழைப்பவரைத் தடுத்துவிடக் கூடாது. அவர் துபாயில் இறங்கிப் போனை இயக்கியதும், அங்குள்ள நெட்வொர்க் அவருடைய இந்திய நிறுவனத்துக்கு, 'உங்கள் வாடிக்கையாளர் இப்போது என்னிடம் இருக்கிறார்' என்று தகவல் அனுப்பிவிடும். அந்தப் பதிவு இருந்தால் அழைப்பு உண்மை, இல்லையென்றால் போலி.

நெட்வொர்க்குக்கு இது எப்படித் தெரிகிறது? தெரியாவிட்டால் மணியடிக்கவே முடியாது என்பதால்தான். இந்தியாவில் கோடிக்கணக்கான போன்கள் இருக்கின்றன. ஒருவருக்கு அழைப்பு வந்தால் நாட்டின் எல்லா டவரும் சேர்ந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் பல டவர்களைச் சேர்த்து ஒரு பகுதியாக வகுத்திருக்கிறார்கள். போன் சும்மா கிடக்கும்போதும் டவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பகுதியை விட்டு இன்னொன்றுக்குள் நுழைந்ததும், 'இனி என்னை இங்கே தேடுங்கள்' என்று அதுவாகவே சொல்லிவிடும். இடம் மாறாவிட்டாலும் குறித்த இடைவெளியில் ஒருமுறை இருப்பைத் தெரிவிக்கும். யார் ஆணையும் இல்லாமல், எந்தச் செயலியும் அனுமதி கேட்காமல், சிம் போட்ட எல்லா போனிலும் இது நடக்கிறது. நோக்கியா பட்டன் போன் காலத்திலிருந்தே நடக்கிறது.

நெட்வொர்க் விவரம் காட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டு, தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் பஸ்ஸில் போனால் இதைக் கண்ணால் பார்க்கலாம். திரையில் முதலில் வரும் 404 அல்லது 405 இந்தியாவைக் குறிக்கும். அதை அடுத்து வரும் இலக்கங்கள் எந்த நிறுவனம், எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்று சொல்லும். பி.எஸ்.என்.எல். என்றால் தமிழ்நாட்டுக்கு 80, கேரளத்துக்கு 72. பிறகு பகுதிக்கு ஓர் எண், கடைசியாக டவரின் எந்தப் பக்கத்து ஆன்டெனா என்பதற்கு ஓர் எண். கணவாயில் ஏதோ ஒரு வளைவில் 80 என்பது 72 ஆகும். அது மாநில எல்லைப் பலகைக்கு முன்னாலும் நடக்கலாம், தாண்டியும் நடக்கலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தபோது வகுத்த எல்லை அரசாங்கத்துக்கு உரியது. ரேடியோ அலை பலமான டவர் பக்கம்தான் சாயும். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிற ஒருவரின் போன் கேரள டவரில் பதிவாவது எல்லையோரத்தில் அன்றாட விஷயம். டவர் பதிவை ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இதற்கு நேர் மாறானது ஜி.பி.எஸ். வகைச் சாட்சியம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் தங்கள் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேரும் நேரத்தை ஒப்பிட்டு, போன் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. செயற்கைக்கோளுக்கு நம் போன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. போன் எதையும் மேலே அனுப்புவதில்லை. ஆக, 'நான் கடையத்தில் இருக்கிறேன்' என்பது போன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. துல்லியத்தில் அதை மிஞ்ச டவரால் முடியாது. திறந்த வெளியில் சில மீட்டர் பிசகுதான் இருக்கும். ஆனால் அது சொல்வது மெய்தானா என்று கேட்டால், போனைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

போனைப் பொய் சொல்ல வைப்பதும் சுலபம். செயலி எழுதுகிறவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக ஆண்ட்ராய்டிலேயே போலி இடத்தைக் கொடுக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. வரைபடத்தில் ராமநதி அணையின் மேல் விரலை வைத்தால் போதும், சென்னையில் இருக்கும் போன் மற்ற செயலிகளிடம் தான் ராமநதியில் இருப்பதாகச் சொல்லும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு சொல்லும். ஆறாவது இலக்கம் என்பது தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். இவ்வளவு நுணுக்கமான எண்ணைப் பார்த்தவுடன் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. நுணுக்கத்துக்கும் உண்மைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கிராமங்களுக்கு இந்த ஜி.பி.எஸ். இடக்குறி நூறு நாள் வேலை வழியாக வந்து சேர்ந்தது. 2023 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் வேலைத்தளங்களில் தொழிலாளர்களின் வருகையைச் செயலியில்தான் பதிய வேண்டும் என்று ஆனது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இரண்டு முறை எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டியிருந்தது. படத்தோடு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் பதிவாயின. சிக்னல் கிடைக்காத இடங்களில் வேலை செய்தவர்கள் வருகை பதிவாகாமல் கூலியை இழந்ததாகப் பல மாநிலங்களில் போராடினார்கள். இன்னொரு பக்கம், 2025 ஜூலை 8 தேதியிட்ட ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் சுற்றறிக்கை, சம்பந்தமில்லாத படங்களைப் பதிவேற்றுவது, இருக்கிற படத்தையே மறுபடி படம் எடுப்பது போன்ற முறைகேடுகளை வரிசையாகச் சொன்னது. இடக்குறி சரியாக இருந்தும் என்ன பயன்? அது போன் இருக்கும் இடத்தைச் சொன்னதே தவிர, வெயிலில் மண் வெட்டியவர் யார் என்று சொல்லவில்லை. கடைசியில் கிராமப் பஞ்சாயத்து அளவில் ஆட்களே எல்லாப் படங்களையும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் அமைச்சகம் உத்தரவிட வேண்டியிருந்தது.

டவர் சொல்வதை மாற்றுவது ஏன் கடினம் என்பதற்கு வருவோம். இங்கேதான் இயற்பியல் அழகாக வேலை செய்கிறது.

செல்போன் டவரின் உச்சியில் நீளமான பெட்டிகள் மூன்று திசையைப் பார்த்துத் தொங்குவதைக் கவனித்திருக்கலாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 பாகை அகலமுள்ள ஒரு விசிறிப் பகுதியைக் கவனிக்கிறது. எந்தப் பெட்டி வழியாகப் போன் பேசுகிறது என்பதிலிருந்தே திசை தோராயமாகத் தெரிந்துவிடும். தூரத்துக்கு நேரம்தான் அளவுகோல். மலையைப் பார்த்துக் குரல் கொடுத்து, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து மலை எவ்வளவு தூரம் என்று சொல்வது போன்ற கணக்கு. ஒலிக்குப் பதில் இங்கே ரேடியோ அலை. அது ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் ஓடும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போனுக்குப் போய்த் திரும்ப 20 மைக்ரோ விநாடி ஆகிறது.

டவர் இதை அளப்பது யாரையும் வேவு பார்ப்பதற்காக அல்ல. ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். தூரத்தில் இருப்பவரின் சிக்னல் தாமதமாக வந்து அடுத்தவருக்கு ஒதுக்கிய நேரத்தில் மோதிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு போனிடமும், 'நீ இவ்வளவு நேரம் முன்னதாகப் பேசத் தொடங்கு' என்று டவர் கட்டளையிடுகிறது. பழைய 2ஜியில் இந்தக் கட்டளையின் ஒரு படி சுமார் 550 மீட்டர் தூரத்துக்குச் சமம். மொத்தம் 64 படிகள் என்பதால் 35 கிலோமீட்டரோடு கதை முடிந்துவிடும். 4ஜியில் ஒரு படி சுமார் 78 மீட்டர்.

78 மீட்டர் என்றதும் ஆளையே பிடித்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. டவரிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்று தெரிந்தால், அந்த 120 பாகை விசிறியில் போன் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். வரைந்து பார்த்தால் அது 78 மீட்டர் அகலமும் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட வளைந்த பட்டை. கடையம் பக்கத்தில் அப்படி ஒரு பட்டைக்குள் வயல், தோப்பு, தெரு, கோயில், குளத்தங்கரை எல்லாம் அடங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது டவரும் அதே போனைக் கேட்டால் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு எல்லை சுருங்கும். சென்னை தியாகராய நகரில் தெருவுக்குத் தெரு டவர் இருப்பதால் இது எளிது. மலையடிவார ஊர்களில் டவர்கள் குறைவு, தள்ளித் தள்ளியும் இருக்கின்றன. மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடும் பாறைச் சுவரும்தான்.

அந்தப் பாறைச் சுவர் கணக்கையும் குழப்பும். தோரணமலை போன்ற ஒரு குன்றின் மறைவில் நிற்கிறவரின் போனுக்கு டவரிலிருந்து நேர்வழி கிடைக்காமல் போகலாம். சிக்னல் எதிரே உள்ள பாறையில் பட்டுத் திரும்பி வந்து சேரும். அந்தச் சுற்றுவழியால் அவர் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகவே டவர் கணக்குப் போடும். தெறித்து வரும் அலை நேர்வழியைவிட நீண்ட வழியில்தான் வர முடியும் என்பதால், இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த பிழை. அளவைத் திருத்துகிற பொறியாளர்களுக்கு இது பெரிய உதவி.

இப்போது ஏமாற்றுகிறவரின் பக்கமிருந்து பார்ப்போம். போனில் எந்தப் போலி இடச் செயலியைப் போட்டாலும், அது இந்த உரையாடலுக்குள் நுழைய முடியாது. டவரோடு பேசுவது போனுக்குள் தனியாக இருக்கும் மோடம் சிப். சாதாரணச் செயலிகள் அதைத் தொட முடியாது. பதிவு எழுதப்படுவதும் போனில் அல்ல, நிறுவனத்தின் கணினியில். ஆய்வகக் கருவிகளோடு மெனக்கெடுகிறவர் தூரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடலாம். ஆனால் கம்போடியாவின் பினோம்பென்னில் உட்கார்ந்துகொண்டு கடையம் டவரின் கேள்விக்கு மைக்ரோ விநாடிக் கணக்கில் பதில் சொல்ல எவராலும் முடியாது. அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கவே கேட்காது.

அதனால் மோசடிக்காரர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். போனைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் சிம்மை மட்டும் இந்தியாவில் விட்டுவிடுவது. சிம் பாக்ஸ் என்பது பல சிம்களைச் செருகும் ஒரு பெட்டி. ஏதோ ஒரு வாடகை அறையில் அது இருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றி டவருக்குக் கொடுக்கும். டவர் சொல்வது அப்போதும் உண்மைதான்: சிம் இந்தியாவில்தான் இருக்கிறது. பேசுகிற ஆள்தான் இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைக் காட்டிக்கொடுப்பதும் இடம்தான். மனிதர் கையில் இருக்கும் போன் வீட்டுக்கும் கடைக்கும் சந்தைக்கும் போய்வரும், அழைப்புகளை வாங்கவும் செய்யும். பெட்டியில் உள்ள சிம்கள் ஒரே டவரின் ஒரே பக்கத்தில் இரவும் பகலும் அசையாமல் இருந்து, வெளியே மட்டும் அழைத்துக்கொண்டே இருக்கும். நிறுவனங்கள் இந்தச் சுவட்டைத் தேடித்தான் பிடிக்கின்றன. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் இப்படிப் பிடிக்கும் வழியும் உதவாது. எண்ணைப் பதிந்துவிட்டுச் சிம்மைக் கழற்றிவிட்டால், டவருக்கும் அந்தக் கணக்குக்கும் உறவு அறுந்துவிடுகிறது. அதனால்தான் 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய செயலிகள் செயல்பாட்டில் உள்ள சிம்மோடு தொடர்ந்து பிணைந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

டவர் பதிவு நம்பகமானது என்று சொன்னேன். நீதிமன்றத்தில் அதை வைக்கும்போது வேறு ஒரு கவனம் தேவை. டென்மார்க் பட்ட பாடு நம் காவல்துறைக்கும் வழக்கறிஞர்களுக்கும் பாடமாக வேண்டியது. அங்கே நிறுவனங்கள் தந்த மூலப் பதிவைக் காவல்துறையின் மென்பொருள் மாற்றி எழுதும்போது விவரங்கள் விடுபட்டதும், சில போன்கள் தவறான டவரோடு இணைத்துக் காட்டப்பட்டதும் 2019இல் வெளியானது. செல்போன் தரவை ஆதாரமாகப் பயன்படுத்துவதை இரண்டு மாதம் நிறுத்திவைத்தார்கள். 2012 முதலான 10,700 வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. விசாரணைக் காவலில் இருந்த 32 பேர் விடுவிக்கப்பட்டார்கள். அங்கே டவர் பொய் சொல்லவில்லை. டவர் சொன்னதை எழுதியவர்கள் பிசகினார்கள். 'அவருடைய டவர் லொகேஷன் அங்கேதான் காட்டுகிறது' என்று நம் ஊரில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கத்து ஆன்டெனா, அது எவ்வளவு தூரம் எட்டும், அந்த நேரம் பக்கத்து டவர் வேலை செய்ததா என்று எதிர்த்தரப்பு கேட்டே ஆக வேண்டும். போன் இருந்த இடத்தில்தான் ஆளும் இருந்தாரா என்பது அதற்கும் மேலான கேள்வி.

டவருக்குத் தெரிந்ததை எல்லாம் கேட்டு வாங்காமல், தேவையான அளவு மட்டும் கேட்பதற்கு ஒரு முறை உருவாகி வருகிறது. உலக செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ., 2023 பிப்ரவரியில் பார்சிலோனா மாநாட்டில் 'ஓபன் கேட்வே' என்ற திட்டத்தை அறிவித்தது. அதில் ஒரு சேவை இடச் சரிபார்ப்பு. ஜியோவும் ஏர்டெலும் இத்தகைய சேவைகளை உலக அளவில் விற்பதற்காக எரிக்சனும் பிற நிறுவனங்களும் 2024இல் அறிவித்த கூட்டு நிறுவனத்திலும் பங்கு எடுத்திருக்கின்றன. சேவை வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு வங்கி, 'இந்த எண் எங்கே இருக்கிறது?' என்று கேட்பதில்லை. வரைபடத்தில் ஒரு வட்டத்தைக் கொடுத்து, 'இந்த எண் இதற்குள் இருக்கிறதா?' என்று கேட்கிறது. பதில் நான்கில் ஒன்றுதான்: ஆம், இல்லை, ஓரளவு, தெரியாது. பதிவு எவ்வளவு புதியது என்பதையும் வங்கி நிபந்தனையாக வைக்கலாம். அணைந்து கிடக்கும் போன் காலையில் இருந்த இடத்தை வைத்து மாலையில் முடிவெடுக்கக் கூடாது அல்லவா?

முதியோர் ஓய்வூதியத்தைக் கடையத்தில் வாங்கும் ஒரு பாட்டியின் கணக்கிலிருந்து யாரோ டெல்லியில் ஓர் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் பார்க்கிறார் என்று கொள்வோம். அந்த ஏ.டி.எம்.மைச் சுற்றி வட்டம் போட்டு வங்கி கேட்கும், 'இல்லை' என்று பதில் வரும், பணம் நிற்கும். பாட்டி அப்போது வீட்டில் இருந்தாரா, மகள் வீட்டுக்குப் போயிருந்தாரா, ஆஸ்பத்திரியில் இருந்தாரா என்பது எதுவும் வங்கிக்குப் போகவில்லை. கடையத்திலேயே வட்டம் போட்டுக் கேட்டாலும், இரண்டு கிலோமீட்டர் வட்டம் என்றால் அது ஊர் முழுவதும், சுற்றியுள்ள வயலோடு சேர்த்து. டவரின் துல்லியமின்மையே இங்கே அவருக்குக் காப்பு. இந்தச் சேவைக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலை முப்பது பக்க ஆங்கிலப் படிவத்தின் அடியில் புதைக்காமல், தமிழில் ஒரு வரியாகக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

காற்று எதிர்த் திசையிலும் வீசுகிறது. டவரின் தகவல் தோராயமாக இருப்பது விசாரணை அமைப்புகளுக்குப் போதவில்லை. 2025 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, செல்போன்களில் துணைத்தகவல் பெறும் ஜி.பி.எஸ்.ஸை எப்போதும் இயங்க வைக்க உற்பத்தியாளர்களுக்கு அரசு ஆணையிட வேண்டும் என்ற யோசனையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கமே முன்வைத்திருந்தது. செயற்கைக்கோளின் பாதை விவரத்தை நெட்வொர்க் வழியாகவே தந்து, போன் சீக்கிரம் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் தொழில்நுட்பம் அது. பயனர் அதை அணைக்க முடியாதபடி செய்தால், ஆறு கிலோமீட்டர் பட்டை சில மீட்டராகச் சுருங்கிவிடும். ஆப்பிள், கூகுள், சாம்சங் மூன்றும் எதிர்த்தன. உலகில் வேறெங்கும் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்று அவற்றின் தரப்பு எழுதியிருந்தது.

இந்த வாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் சிக்கிய ஒரு வெளிநாட்டவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தபோது, குற்றம்சாட்டப்பட்டவர் கூகுள் மேப்பில் தன் இடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அப்படிக் குறிப்பதால் ஆளைத் தொடர்ந்து பின்தொடர முடியாது என்று கூகுள் நிறுவனமே பிரமாணப் பத்திரம் கொடுத்தது. 2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் அந்தரங்க வாழ்க்கையை ஓயாமல் எட்டிப்பார்க்கப் போலீசுக்கு வழி செய்யும் எந்த நிபந்தனையும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்கு விரோதம் என்றது. அந்த வெளிநாட்டவருக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு என்றால், எந்த வழக்கிலும் இல்லாத கடையத்துக்காரருக்கு அதைவிடக் குறைவாகத் தருவதற்கு அரசு என்ன காரணம் சொல்லும்?